சிவில் எடுத்தாகிவிட்டது, இந்த இரண்டு வருடத்தில் எதைப் பிடிப்பது? சேலம் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

அம்மாப்பேட்டை கவின்:
எல்லாருக்கும் வணக்கம். சேலத்திலேயே ஒரு கல்லூரியில் சிவில் படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு முடியப் போகிறது. அப்பாவுக்கு விசைத்தறி. எங்கள் வீட்டில் இன்ஜினியரிங் வரை வந்த முதல் ஆள் நான். கவுன்சலிங்கில் கம்ப்யூட்டர் பிரிவும் கிடைத்தது, ஆனால் விரும்பித்தான் சிவிலை எடுத்தேன், அதில் இன்னமும் மாற்றம் இல்லை. சர்வே, ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் எல்லாம் நல்ல மதிப்பெண்ணோடு முடித்துவிட்டேன். ஆனால் எங்கள் தெருவில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் முன்னால் போய் நின்றால் மேஸ்திரி எதை ஏன் செய்கிறார் என்று புரிவதில்லை. கூடப் படிப்பவர்களில் பாதிப் பேர் எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வுக்குக் கோச்சிங் சேரப் போகிறார்கள், சிலர் டிஎன்பிஎஸ்சி என்கிறார்கள், சிலர் ரெவிட், ஈடேப்ஸ் என்ற டிசைன் சாஃப்ட்வேர் கோர்ஸுக்குப் பணம் கட்டிவிட்டார்கள். நான் எதை முதலில் பிடிக்கட்டும்?

மட்டக்கோல்:
தம்பி, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. மேஸ்திரி செய்வது புரியவில்லை என்றீர்களே, அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கோர்ஸ், கோச்சிங் எல்லாம் அப்புறம். நான் பத்து வருடத்துக்கு மேல் சைட் இன்ஜினியராக இருக்கிறேன், புதிதாகச் சேரும் பிள்ளைகளில் சாஃப்ட்வேர் தெரியாதவர்களை நான் பார்த்ததில்லை, டிராயிங்கைக் கையில் கொடுத்து இந்தக் கம்பி எந்தப் பக்கம் வரும் என்று கேட்டால் திணறுகிறவர்களைத்தான் நிறையப் பார்க்கிறேன்.

உங்கள் தெரு வீட்டில் தளம் கான்கிரீட் போடும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் சாயங்காலமே போய்விடுங்கள், பார்க்க வேண்டியதெல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். கம்பிக்கு அடியில் கவர் பிளாக், அதாவது கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை, இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சாதாரணச் சூழலில் கம்பியை மூடும் கான்கிரீட் தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்கிறது, அங்கே ஜல்லிக் கல்லைச் சொருகி வைத்திருந்தால் அது ஏன் தப்பு என்று யோசியுங்கள். பால்கனியைக் கட்டாயம் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு நீட்டி நிற்கும் தளத்தில் இழுவிசை மேல்பக்கம் வரும், அதனால் மெயின் கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். நீங்கள் வகுப்பில் வரைந்த கேண்டிலீவர் பெண்டிங் மொமென்ட் படம் இதுதான். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் அந்தக் கம்பியை மிதித்து மிதித்துக் கீழே அமுக்கிவிடுவார்கள், அதற்காகத்தான் மேல் கம்பியைத் தாங்கும் சேர் கம்பி வைக்கிறோம். சேர் இல்லாமல் போட்ட பால்கனி செண்ட்ரிங் பிரித்த அன்றே தொங்க ஆரம்பிக்கலாம்.

அப்புறம் தண்ணீர். 50 கிலோ மூட்டைக்கு தண்ணீர் சிமெண்ட் விகிதம் 0.5 என்றால் 25 லிட்டர். அதற்கு மேல் ஒரு குடம் ஊற்றினால் வேலை லகுவாக ஓடும், அதனால்தான் எல்லா சைட்டிலும் கேட்பார்கள். ஆனால் அந்தக் கூடுதல் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் உள்ளே ஓட்டை ஓட்டையாக நிற்கும், வலிமை போய்விடும். தண்ணீர் வேண்டாம் என்று மேஸ்திரியிடம் மரியாதையாகவும் உறுதியாகவும் சொல்லத் தெரிய வேண்டும், அவர் உங்களைவிட வயதிலும் அனுபவத்திலும் பெரியவர் என்பதை மறக்காமல். இதை எந்தக் கோச்சிங்கிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

கம்பி கணக்கு:
மட்டக்கோல் அண்ணன் சொன்னதோடு நான் அளவையும் சேர்க்கிறேன். நான் டிப்ளமோ முடித்து, சைட்டில் சூப்பர்வைசராக இருந்து, அப்புறம் வளைகுடாவில் கட்டட அளவும் செலவும் கணக்கிடும் க்வான்டிட்டி சர்வேயர் வேலைக்குப் போனவன். என்னைத் தூக்கி நிறுத்தியது கணக்குதான்.

கவின், கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதை அதாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 8 எம்.எம். என்றால் 0.395, 12 என்றால் 0.889, 16 என்றால் 1.58. இந்த 162 எங்கிருந்து வருகிறது என்று நீங்களே எஃகின் அடர்த்தி 7850ஐ வைத்துப் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. கான்கிரீட்டுக்கு சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்றால் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமெண்ட், உலர்ந்த அளவுக்கு 1.54 என்று பெருக்குவதால் அது வருகிறது. இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் வீட்டையே டேப் வைத்து அளந்து, பிளான் வரைந்து, மண் தோண்டுவதில் ஆரம்பித்துப் பூச்சு வரைக்கும் ஒரு எஸ்டிமேட் போடுங்கள். அளக்கும் முறைக்கு ஐ.எஸ். 1200 இருக்கிறது. ஜன்னல் கதவுக்கு எவ்வளவு கழிப்பது, பூச்சில் எதைக் கழிக்கக் கூடாது என்று அதில்தான் தெரியும், பில் போடும்போது சண்டை வருவதெல்லாம் அங்கேதான்.

பெங்களூர் பஸ்:
எல்லாரும் நல்லதாகவே சொல்கிறீர்கள், நான் இன்னொரு பக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நானும் சிவில்தான். முதல் வேலை ஒரு கட்டுமான நிறுவனத்தில். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, கான்கிரீட் என்றால் நடுராத்திரி வரைக்கும், சம்பளமோ மாதக்கணக்கில் தள்ளித் தள்ளி வந்தது. அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தவன் ஐடியில் சேர்ந்து என்னைவிடப் பல மடங்கு வாங்கினான். வீட்டுக் கடன் இருந்தது, என்னால் தாக்குப் பிடிக்க முடியவில்லை, மாறிவிட்டேன். கவின், ஆசை இருக்கிறது என்பதற்காக வீட்டு நிலைமையைக் கணக்கில் எடுக்காமல் இறங்காதீர்கள். முதல் சில வருடம் சிவிலில் சம்பளம் குறைவு, அதை மறைத்துப் பேசுவது உங்களுக்குச் செய்யும் துரோகம்.

மட்டக்கோல்:
பெங்களூர் பஸ் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை, சம்பளம் தள்ளிப்போட்டது எனக்கும் நடந்திருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், சேரும் முன்னால் கேளுங்கள். சம்பளம் எந்தத் தேதி, பி.எஃப். பிடிக்கிறார்களா, சைட்டில் தங்க இடம், சாப்பாடு யார் பொறுப்பு, எழுத்தில் ஆர்டர் தருவார்களா. அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒருவரிடம் தனியாக விசாரியுங்கள். முதல் வேலையில் சம்பளத்தைவிட யாருக்குக் கீழே வேலை பார்க்கிறோம் என்பதை நான் பெரிதாக நினைப்பேன், ஆனால் கடன் இருக்கிற வீட்டுப் பையனிடம் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வராது. நாலைந்து வருடம் கழித்து பில்லிங், பிளானிங் தெரிந்தவனுக்கும் வெறுமனே ஆட்களை விரட்டிக்கொண்டு நிற்பவனுக்கும் சம்பளத்தில் பெரிய இடைவெளி விழும். எந்தப் பக்கம் நிற்கப் போகிறோம் என்பதை முதல் வருடத்திலேயே யோசிக்க வேண்டும்.

அம்மாப்பேட்டை கவின்:
நன்றி அண்ணா. அப்பாவிடம் பேசினேன், தறி ஓடும் வரைக்கும் நீ படி என்றுதான் சொல்கிறார். ஆனால் அரசாங்க வேலைக்குத் தயாராவது பற்றியும் யாராவது விவரமாகச் சொல்லுங்கள், வீட்டில் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

ஓமலூர் மீனா:
கவின் தம்பி, நான் டிஎன்பிஎஸ்சி எழுதி உதவிப் பொறியாளர் ஆனவள், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். உதவிப் பொறியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 37,700இல் தொடங்குகிறது. நெடுஞ்சாலை, நீர்வளம், பொதுப்பணி, ஊரக வளர்ச்சி என்று துறைகள் இருக்கின்றன. பாடத் தாள் பட்டப்படிப்புத் தரத்தில் இருக்கும். இன்னொரு தாளில் தமிழ்த் தகுதிப் பகுதியும் பொது அறிவும் வரும். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் உங்கள் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். அரசுப் பள்ளியில் படித்த நமக்கு அது பெரிய விஷயம் இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், அப்படி விடாதீர்கள்.

கேட் என்பது வேறு. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், 65 கேள்வி, 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 15 மதிப்பெண் பொதுத் திறனுக்கு. மதிப்பெண் மூன்று வருடத்துக்குச் செல்லும். அதை வைத்து எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு, பொதுத்துறை நிறுவனங்கள் சிலவும் அதை வைத்து ஆள் எடுக்கின்றன. யுபிஎஸ்சி நடத்தும் இன்ஜினியரிங் சர்வீசஸ் இன்னும் பெரியது, முதல்நிலைக்கு 500, முதன்மைக்கு 600, நேர்முகத்துக்கு 200. முதன்மைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும், அதனால் அதற்குப் படிப்பவர்களுக்கு கைப்பழக்கம் தனியாக வேண்டும்.

மூன்றையும் ஒரே நேரத்தில் துரத்த வேண்டாம். ஆனால் மூன்றுக்கும் அடியில் ஒரே பாடம்தான் கிடக்கிறது. ஸ்ட்ரெங்த், ஃப்ளூயிட், மண் இயல், கம்பி போட்ட கான்கிரீட்டான ஆர்சிசி இந்த நான்கையும் இப்போது நோட்டில் கணக்குப் போட்டுப் படித்துவிட்டால் எந்தத் தேர்வுக்குப் போனாலும் கை கொடுக்கும். ஒன்று மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பு எப்போது வரும், எத்தனை இடம் வரும் என்பது நம் கையில் இல்லை. வேலையை விட்டுவிட்டு வருடக்கணக்கில் அறைக்குள் உட்கார்ந்து படிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நான் சைட்டில் வேலை பார்த்துக்கொண்டேதான் படித்தேன், சைட்டில் பார்த்தது எனக்குப் பரீட்சையில் நினைவுக்கு வந்தது.

சூரமங்கலம் நித்யா:
அக்கா, நான் மூன்றாம் ஆண்டு சிவில். சைட்டுக்குப் போகிறேன் என்றால் வீட்டில் வேண்டாம் என்கிறார்கள், கல்லூரியில் கூட பெண்களுக்கு டிசைன் ஆபீஸ்தான் சரி என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு சைட்தான் பிடிக்கிறது. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

ஓமலூர் மீனா:
பிடித்தால் போ தங்கச்சி. இந்தத் தொழிலில் கல்லும் மண்ணும் சுமக்கிற சித்தாள்களில் பெண்கள்தான் அதிகம், அவர்களை யாரும் சைட் சரிப்படாது என்று திருப்பி அனுப்புவதில்லை. சேரும்போது கழிப்பறை இருக்கிறதா, சாயங்காலம் எத்தனை மணிக்குக் கிளம்பலாம், ராத்திரி கான்கிரீட் இருந்தால் வண்டி ஏற்பாடு செய்வார்களா என்று கூச்சப்படாமல் கேள். இதைக் கேட்டதற்காக முகம் சுளிக்கும் இடத்தில் சேராதே. கம்பி செக் பண்ணும்போது சாரத்தில் ஏறிப் பார்ப்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதே. கீழே நின்று கையெழுத்துப் போடுகிறவர் என்று பெயர் வந்துவிட்டால் ஆணோ பெண்ணோ யார் பேச்சும் அங்கே எடுபடாது.

சேர்வராயன் மண்:
தாமதமாகப் பார்த்தேன், மன்னிக்கவும், ஏற்காட்டில் சிக்னல் அப்படி. நான் மண் இயல் பக்கம் வேலை பார்க்கிறேன். கவின், நித்யா இருவருக்கும் சொல்கிறேன், சேலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒரு நாள் பஸ் ஏறினால் பாடத்தில் உள்ள பாதி விஷயத்தை நேரில் பார்த்துவிடலாம்.

மேட்டூர் அணை, 1934இல் முடிந்தது, தன் எடையாலேயே தண்ணீரைத் தாங்கும் கிராவிட்டி அணை. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அந்த 120 அடித் தண்ணீர் எவ்வளவு தள்ளும், சுவர் கவிழாமல் வழுக்காமல் இருக்க அடி அகலம் எவ்வளவு வேண்டும் என்று நோட்டில் போட்டுவிட்டு அங்கே போய் நில்லுங்கள். நகருக்குள் ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலம் இருக்கிறது. தூண், அதன் தலையில் பியர் கேப், அதன்மேல் பாலத்தைத் தாங்கும் பேரிங், தளத்துக்குத் தளம் விரிந்து சுருங்க இடம் விடும் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் எல்லாம் கீழே நின்றே பார்க்கலாம். தினமும் அதற்கு அடியில் பஸ்ஸில் போகிற மாணவர்களில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்று எனக்கு வருத்தம் உண்டு.

அப்புறம் எங்கள் ஏற்காடு மலை. சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. அடியில் சார்னோகைட் என்ற கடினப் பாறை, மேலே அது சிதைந்து உண்டான செம்மண். மழையில் இந்த மண் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், பாறையோடு ஒட்டியிருக்கும் பிடிப்பும் தளரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை பெய்தபோது மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். மலையில் வேலை செய்பவர்களுக்கு எதிரி தண்ணீர்தான்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் உயரத் தடுப்புச் சுவர், பின்னால் கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் எடையுள்ள மண், உராய்வுக் கோணம் 30 டிகிரி. மண்ணின் எடையில் எவ்வளவு பக்கவாட்டில் தள்ளும் என்று சொல்லும் அழுத்தக் குணகம் மூன்றில் ஒன்று. சுவரின் ஒரு மீட்டர் நீளத்துக்கு 27 கிலோநியூட்டன் தள்ளும். அதே சுவருக்குப் பின்னால் மேல்வரை தண்ணீர் தேங்கிவிட்டது, நனைந்த மண் 20, தண்ணீர் 10 என்று வையுங்கள். தண்ணீரின் மிதப்பு போக மண்ணின் எடை 10தான், அதனால் மண் தள்ளுவது 15ஆகக் குறையும், ஆனால் தண்ணீர் மட்டும் 45 தள்ளும், மொத்தம் 60. இரண்டு மடங்குக்கு மேல். சுவரில் சின்னச் சின்னக் குழாய் விட்டிருப்பார்களே, வீப் ஹோல், அது அடைத்துக்கொண்டால் நடப்பது இதுதான். பின்னால் சரளைக் கல் வடிகட்டி வைக்காமல் வெறும் மண்ணைத் தள்ளி மூடினால் அந்தக் குழாய் ஒரே மழையில் அடைந்துவிடும். நான் மலையில் பார்த்த சாய்ந்த சுவர்களில் கான்கிரீட் நன்றாகவே இருந்தது, தண்ணீருக்கு வழிதான் இல்லை.

அம்மாப்பேட்டை கவின்:
அண்ணா, இந்தக் கணக்கை வகுப்பில் மார்க்குக்காகப் போட்டிருக்கிறேன், 27 எப்படி 60 ஆகிறது என்று இப்போதுதான் உறைக்கிறது. இன்னொன்று கேட்கிறேன், எம் சாண்ட் பற்றி. எங்கள் தெரு வீட்டில் வந்து இறங்கிய மணலைக் கையில் எடுத்தால் மாவு மாவாக ஒட்டுகிறது. அது சரியா?

மட்டக்கோல்:
நல்ல கண். கிரஷரில் வருகிற டஸ்டையே எம் சாண்ட் என்று சொல்லி இறக்கிவிடுவது நம் பக்கம் அடிக்கடி நடக்கிறது. ஐ.எஸ். 383, 2016ஆம் வருடப் பதிப்பின்படி நொறுக்கிய மணலில் 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூள் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் கல்லூரி லேபில் சல்லடைத் தொகுப்பு இருக்கும், இரண்டு கிலோ மணலை எடுத்துப் போய் ஆசிரியரிடம் அனுமதி கேட்டுச் சோதியுங்கள். மாவு கூடினால் தண்ணீர் அதிகம் கேட்கும், அப்புறம் நான் முதலில் சொன்ன குடம் வரும்.

லேபில் இருக்கும்போதே கான்கிரீட் வலிமையைச் சோதிக்கும் கியூபையும் ஒழுங்காகச் செய்து பாருங்கள். 150 மில்லிமீட்டர் கனச்சதுரம், எம்25 தரக் கான்கிரீட் என்றால் 28ஆம் நாள் உடைய 562 கிலோநியூட்டன் கிட்ட வேண்டும், ஏழாம் நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வந்துவிடும். பதிவேட்டில் போன வருட எண்ணைப் பார்த்து எழுதும் பழக்கத்தைக் கல்லூரியிலேயே விட்டுவிடுங்கள். சைட்டில் அப்படி எழுதினால் மேல்தளத்தில் ஆட்கள் குடியிருப்பார்கள்.

அம்மாப்பேட்டை கவின்:
சரி அண்ணா. சித்தப்பா வீட்டுக்கு இன்ஜினியர் கொடுத்த டிராயிங்கை வாங்கி தூண் கம்பி கணக்குப் போட்டேன். தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ஸ்டிரப்புக்கு நான் போட்டதைவிட மேஸ்திரி வாங்கச் சொன்னது கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. தூண் 230க்கு 300, 8 எம்.எம். ஸ்டிரப். சுற்றளவு 740 என்று எடுத்தேன். மெயின் கம்பிக்கும் அதேபோல வித்தியாசம் வருகிறது.

கம்பி கணக்கு:
740 சரிதான், எல்லாப் பக்கமும் 40 கவர் கழித்திருக்கிறீர்கள். அதோடு இரண்டு கொக்கிக்கும் பத்து மடங்கு விட்டம் வீதம் 160 சேருங்கள், 900 ஆயிற்று. வளைக்கும்போது கம்பி நீளும், அதனால் மூன்று 90 டிகிரி வளைவுக்கு இரண்டு மடங்கு விட்டம் வீதமும், இரண்டு 135 டிகிரி வளைவுக்கு மூன்று மடங்கு வீதமும் கழித்தால் 96 போய் 804. ஒரு ஸ்டிரப் வெட்ட வேண்டிய நீளம் அது. கொக்கி 135 டிகிரிக்கு உள்ளே திரும்பியிருக்கிறதா என்று சைட்டில் பாருங்கள், 90இல் விட்டால் நிலநடுக்கத்தில் வாய் பிளந்துவிடும்.

மெயின் கம்பி கூடுவது லேப்பால், அதாவது இரண்டு கம்பிகளை ஒன்றின்மேல் ஒன்று படியவிட்டுச் சேர்ப்பதால். கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது, தளத்துக்குத் தளம் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கட்ட வேண்டும். 500 கிரேடு கம்பி, எம்25 கான்கிரீட் என்றால் இழுவிசைக்கு லேப் நீளம் விட்டத்தைப் போல சுமார் 49 மடங்கு, 12 எம்.எம். கம்பிக்கு 60 சென்டிமீட்டர் கிட்ட. தூணில் அமுக்குவிசைதான் என்றால் குறையும், டிராயிங்கில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எல்லா லேப்பும் ஒரே மட்டத்தில் வரக் கூடாது. அதற்கு மேல் துண்டு வெட்டுச் சேதாரம் இரண்டு மூன்று சதவீதம். இவ்வளவும் போட்ட பிறகும் மேஸ்திரி கணக்கு கூடுதலாக இருந்தால் அவரிடமே உட்கார்ந்து கேளுங்கள், பெரும்பாலும் படிக்கட்டுக்கோ லிண்டலுக்கோ சேர்த்திருப்பார். தூண் முடிந்ததும் படிக்கட்டை எடுங்கள். படிகளுக்கு அடியில் சாய்ந்து போகும் வெயிஸ்ட் ஸ்லாப்பின் சாய்வு நீளத்தைத் தரையில் உள்ள நீளத்தை வைத்து எடுக்காமல் படி உயரத்தையும் (ரைஸர்) மிதி அகலத்தையும் (டிரெட்) வைத்துக் கண்டுபிடித்து, தாளைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

சூரமங்கலம் நித்யா:
நானும் படிக்கட்டைப் போடுகிறேன் அண்ணா. சேர்வராயன் அண்ணா, இந்த லீவில் மலையில் தடுப்புச் சுவர் வேலை ஏதாவது நடந்தால் பார்க்க வரலாமா? கூட இரண்டு தோழிகளும் வருவார்கள்.

சேர்வராயன் மண்:
தாராளமாக வாங்கம்மா. கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வாருங்கள், ஒப்பந்தக்காரரிடம் நான் பேசி வைக்கிறேன். ஹெல்மெட் நான் தருகிறேன், மூடிய ஷூ கட்டாயம். மழை பெய்தால் அன்றைக்கு வேலை இருக்காது, கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் சீக்கிரம் வந்தால் சுவருக்குப் பின்னால் சரளை நிரப்புவதைப் பார்க்கலாம், மதியத்துக்குள் மூடிவிடுவார்கள். கவினும் வருவதென்றால் இங்கேயே சொல்லிவிடுங்கள்.